மைக்செட் அக்காவின் கம்பளி ஜெபம்

மாவு மில்காரிக்கு ஊர் வைத்த பேர் மைக்செட். அவள் ரகசியம் சொன்னாலும் நாலு கடைக்குக் கேட்கும். கிறிஸ்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு முஸ்லிம் நாட்டில் இப்படியொரு தொண்டையை ஆண்டவர் ஏன் கொடுத்தாரோ, அவருக்கே வெளிச்சம். அவள் ஜெபம் பரலோகத்துக்குப் போகும் முன்னே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்பார் வீட்டுக்காரர்.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. வீட்டில் நாலு பேரைக் கூட்டி ஜெபித்ததற்காக அவள் தம்பியைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். நல்ல குளிர்காலம். அவள் கொண்டுபோன கம்பளியை மீசைக்காரக் காவலர் ஜெயில் வாசலிலேயே திருப்பிவிட்டார். மனித உரிமைக்காக ஜெபிக்கும்படி சபையில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய வார்த்தை அவளுக்குப் பிடிபடவில்லை. குளிருக்கு மனுஷன் போர்த்திக்கொள்வதுதான் அது என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

மெஷின் ஓடும்போதுதான் ஜெபிப்பாள். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. கோதுமையைக் கொட்டிவிட்டு, கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவாள். மெஷினோடு சண்டை போடுகிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றது. இவள் நிற்கவில்லை.

"ஆண்டவரே, அந்த மீசைக்காரரோட கல்லு மனசை இந்த மெஷின்ல போட்டு அரைச்சிடும். எந்தம்பிக்குக் கம்பளி போய்ச் சேரணும்."

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், மாவுக்குக் காத்து நின்றவள் மீசைக்காரரின் மனைவி. கதை முடிந்தது என்று நினைத்தாள் மில்காரி. தானும் உள்ளே போகப்போகிறோம், கம்பளிகூட இல்லாமல்.

"எங்க வீட்டுக்காரரைத்தானே சொன்னீங்க?"

மைக்செட்டுக்கு வாழ்க்கையிலேயே முதல்தடவையாகக் குரல் எழும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"வீட்லயும் மொத்தக் கம்பளியையும் அவரே இழுத்துப் போத்திக்கிறார். உங்க தம்பி பாடு எனக்குத் தெரியும்கா. அந்தக் கம்பளியைக் குடுங்க. அவரோட சாப்பாட்டுப் பையில வெச்சு அனுப்பறேன். கம்பளி உள்ளே போகலைன்னா மறுநாள் அவருக்குச் சாப்பாடும் வராது."

கம்பளி போய்ச் சேர்ந்தது. அன்று கரண்டை நிறுத்தியவர் ஆண்டவர்தான் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். கரண்ட் ஆபீஸ்காரன் என்கிறார் வீட்டுக்காரர்.

மறுவாரம் அந்த அம்மாள் கோதுமையோடு வந்தாள். மெஷினைப் போடச் சொல்லிவிட்டு, யாரும் வருகிறார்களா என்று பார்க்க வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"தம்பி வெளியே வரணும்னு கேளுக்கா. அப்படியே எங்க வீட்டுக் கம்பளிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு."