கருஞ்சீரகம்

குளியல் பொடியைச் சலித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். பூலாங்கிழங்கின் வாசனை மூக்கில் ஏறியதும், இதே வீட்டின் கொல்லையில் நைனா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அப்போது எட்டு வயது.

நைனா கும்மிடிப்பூண்டியில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும், ஆவாரம்பூவும் பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்த பொடியைக் குழைத்து அம்மா அவருக்குத் தேய்த்துவிடுவாள். கறுப்பாக ஓடும் தண்ணீர் தெளிந்தால்தான் எழுந்திருக்க விடுவாள். அன்றைக்கு எத்தனை சொம்பு ஊற்றியும் தெளியவில்லை.

"தோலையே உரிச்சிடுவ போலகீதே!" என்று நைனா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பிடி பொடியை எடுத்து நல்ல தண்ணீரில் கரைத்துப் பார்த்தாள். அதுவும் கறுத்தது. மாடியில் காயவைத்த பூவின் மேல் கம்பெனிக் கரி விழுந்திருக்கிறது. அவர் உடம்பிலிருந்து கழுவியதையே அவருக்குத் திரும்பத் தேய்த்திருக்கிறாள்.

"அவ்ளோதான், அயுக்கு போயிடுச்சு. எய்ந்திருய்யா," என்றாள். என்னிடம் கண்ணைக் காட்டினாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்றும் அதே மாடியில்தான் காயவைக்கிறேன். மேலே வெள்ளைத் துணி கட்டினாலும் சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடுகிறது. எனக்கு வேறு மாடியும் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை.

போன் அடித்தது. கடம்பத்தூரில் வழக்கமாக வாங்கும் பெண்.

"அக்கா, கொயந்தைக்குத் தேய்க்கலாம்னு பாக்கெட்டப் பிரிச்சேன். கறுப்பு கறுப்பா இன்னாமோ கீதே?"

"அது கருஞ்சீரகம்மா," என்றேன். "தைரியமா தேய்ச்சி ஊத்து."