ஷிஃப்ட் பஸ் பறந்த நாள்

எட்டாவது படிக்கும்போது நான் கணினியில் ஒரு பஸ் விளையாட்டு எழுதினேன். எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றை எழுதியதில்லை என்று இன்றும் நம்புகிறேன். யாராவது வந்து மறுக்கும்வரை அந்தப் பெருமை என்னுடையதுதான்.

அப்பா ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்ட் பஸ் ஓட்டினார். எனவே நான் எழுதியதும் ஷிஃப்ட் பஸ்தான். படப்பையில் கிளம்பி, நிறுத்தங்களில் ஆள் ஏற்றிக்கொண்டு, குறுக்கே வரும் மாடுகள்மேல் மோதாமல், சங்கு ஊதுவதற்குள் கம்பெனி கேட்டை அடைய வேண்டும். மாடுகளுக்கு நான் வரைந்த கால்கள் சரியாக வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மேசை போல இருக்கும். மற்றபடி எல்லாம் ஓடியது.

அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப் அது. அவள் கம்பெனி வேலைக்குப் போனதும் என் கைக்கு வந்தது. கோடை மழையில் பிளக் பாயின்ட்டில் ஈரம் இறங்கிய பிறகு அதற்கு ஆஸ்துமா வந்தது போல எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். ஆனாலும் அதில் என் பஸ் அழகாக, நிதானமாகப் போகும்.

பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். கம்ப்யூட்டர் மிஸ் விளையாட்டைப் பென் டிரைவில் கொண்டுவரச் சொன்னார். காலை ட்ரிப்பை முடித்துவிட்டு அப்பாவும் காக்கிச் சட்டையோடு வந்து கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டார். லேபிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்திருந்த புதுக் கணினியில் பென் டிரைவைச் செருகி, விசையைத் தட்டினேன்.

பஸ் பறந்தது. படப்பையில் கிளம்பியதைக் கண் பிடிப்பதற்குள் திரையின் மறுமுனையில் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. மாடுகள் ஈக்களைப் போலக் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தன. சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையில் வைத்திருந்த அட்டை எரிமலை ஆடியது.

"இன்னாமா, இவ்ளோ ஃபாஸ்ட்டா போவுது?" என்றார் அப்பா. "பிரேக்கு கீதா இல்லியா அதுல?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருப்பா" என்றேன்.

மிஸ் குனிந்து பார்த்தார். "வீட்ல நல்லாத்தான ஓடுச்சு? நீ ஒண்ணும் மாத்தலியே?"

"இல்ல மிஸ்."

"அப்ப மெஷினுக்கு மெஷின் ஏதோ மாறுது. என்னன்னு பாரு. சீஃப் கெஸ்ட் வர்றதுக்குள்ள முடிஞ்சா பாரு, இல்லன்னா விட்டுடு." அவருக்கு வேறு மேசைகளும் இருந்தன.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். பஸ்ஸின் வேகத்துக்குக் கொடுத்திருந்த எண்ணைக் குறைத்தேன். பஸ் அடங்கியது. நிம்மதியாக மூச்சு விட்டபோது, விருந்தாளிக்குக் காட்டப்போவது இந்தக் கணினியில் இல்லை, மேடையில் பெரிய திரையோடு இணைத்திருக்கும் தலைமையாசிரியரின் லேப்டாப்பில் என்றார்கள். அங்கே போட்டுப் பார்த்தால் பஸ் நத்தையாக ஊர்ந்தது. அதற்கேற்ப எண்ணைக் கூட்டினால் இங்கே மறுபடி பறக்கும். ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் என்றால், அது என் விளையாட்டாகவே இருக்காது என்று தோன்றியது. அந்த வயதில் அப்படி ஒரு ரோஷம்.

மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கணினித் திரையில் உண்மையில் எதுவும் ஓடுவதில்லை. ஒரு படத்தை அழித்துவிட்டு, சற்றுத் தள்ளி மறுபடி வரைகிறது, அவ்வளவுதான். 'ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து புள்ளி தள்ளு' என்று நான் எழுதியிருந்தேன். எங்கள் வீட்டு லேப்டாப் ஒரு படம் வரைந்து மூச்சு வாங்கும் நேரத்தில் புதுக் கணினி மூன்று படம் வரைந்துவிடுகிறது. அதனால் மூன்று மடங்கு தள்ளுகிறது. கணினி சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறது. நான்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் வேகம் என்று நினைத்துக் கொடுத்தது வேகமே இல்லை. அப்பாவின் பஸ்ஸில் முள் நாற்பதைக் காட்டினால், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்று பொருள். அந்த 'மணிக்கு' என் பஸ்ஸில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ரயில் ரயிலாக ஓடவிட்டு என் உயிரை வாங்கிய அதே சூத்திரம்தான்: தூரம் என்பது வேகம் பெருக்கல் நேரம். போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணினியையே கேட்டு, அதை வேகத்தோடு பெருக்கித் தள்ளினால் போதும். வேகமான கணினி அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். மெதுவான கணினி எப்போதாவது, ஆனால் நிறையத் தள்ளும். கேட்டை இரண்டும் ஒரே நேரத்தில் அடையும்.

ஓடிப்போய் எழுதினேன். லேப் கணினியில் பஸ் பஸ்ஸாகப் போனது. மாடுகள் மட்டும் இன்னும் ஈயாகப் பறந்தன, அவற்றை மறந்துவிட்டேன். அவற்றுக்கும் நேரத்தைப் பெருக்கினேன். மேடையில் போட்டேன். அதே பஸ், அதே நடை. இரண்டு கணினிகளையும் மாறி மாறிப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நிரல்கள் எழுதி, அதையே பிழைப்பாகவும் கொண்டுவிட்டேன். அந்தச் சிலிர்ப்பு அப்படியே திரும்பி வந்ததில்லை.

விருந்தாளி ஒரு கம்பெனி அதிகாரி. கெட்டிக்காரர். என் விளையாட்டில் சிலர் நிறுத்தத்தில் தயாராக நிற்பார்கள், சிலர் தாமதமாக ஓடி வருவார்கள். ஓடி வருகிறவர்களுக்காகக் காத்திருந்தால் நேரம் போய்விடும். அவர் அதை உடனே கண்டுகொண்டு, ஒருவருக்கும் காத்திருக்காமல் ஓட்டி, முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தார். கூடம் கைதட்டியது. மிஸ் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

அடுத்து அப்பா உட்கார்ந்தார். நிஜ டிரைவர் என்பதால் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவரோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றுகொண்டே இருந்தார்.

"நிக்காத, போப்பா!"

"அதோ ஓடி வருது பாரு. வுட்டுட்டு எப்டிப் போறது?"

"அது சும்மா பொம்மைப்பா!"

சங்கு ஊதிவிட்டது. மறுபடி ஆடினார். மறுபடியும் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, மறுபடியும் தோற்றார். தோற்றுவிட்டு, ஜெயித்தவரைப் போலச் சிரித்தார். அப்பாவுக்கு கேம் ஆடத் தெரியவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மதிய ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். கம்பெனி பஸ்ஸில் வெளியாளை ஏற்றக் கூடாது. அன்று ஏற்றினார். ஏறிய ஒவ்வொருவரிடமும், "எம் பொண்ணு. கேம் எழுதியிருக்குது. டைம வெச்சிப் பெருக்கி வண்டிய அடக்கிடுச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் இன்ஜின் பக்கத்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வல்லக்கோட்டை நிறுத்தத்தில் யாரும் இல்லை. அப்பா வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். கம்பெனியிலிருந்து போன் அடித்தது. "வந்துகினே கீறேன் சார், டிராபிக்கு" என்றார். ரோடு காலியாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில், கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் சந்திலிருந்து ஈரத் தலையோடு ஓர் அக்கா ஓடி வந்து ஏறினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"நல்லவேள, நின்னிய அண்ணே."

அப்பா அவளிடமும் என் பெருமையைச் சொன்னார். அவள் மூச்சு வாங்கியபடியே என் கன்னத்தைத் தொட்டாள்.

"நீயா செஞ்ச? ஒங்கப்பா வண்டிதானா? எங்கள மாதிரி ஆளுவளும் அதுல உண்டா?"

"இருக்காங்கக்கா" என்றேன். "ஆனா லேட்டா ஓடி வந்தா வண்டி நிக்கக் கூடாது. நின்னா டிரைவர் அவுட்டு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். பின்னிருக்கைகளில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அப்பா மட்டும் ரோட்டைப் பார்த்தபடி கியரை மாற்றினார்.

என் விளையாட்டு கம்பெனி அக்காக்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று வீடு திரும்பும்வரை நான் பூரித்துக்கொண்டிருந்தேன்.