ரேடியேட்டருக்குள் போன தீர்த்தம்

போன வெள்ளிக்கிழமை, பெண்ணின் கல்யாணத்துக்குத் தட்டு மாற்றிக்கொள்ள ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் இல்லை சுவாமி... காரில்!

என் மைத்துனன் கோவிந்தன் பெங்களூரில் பழையதாக வாங்கி வந்த கார். பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு நானும் மனைவியும் பின் ஸீட்டில். எங்கள் காலடியில் ஒரு பித்தளைக் குடம்.

அந்தக் குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குலதெய்வம் இருப்பது ஒரு பாறைக் குன்றின் மேல். அங்கே மழை நீர் தேங்கிய சுனை உண்டு. அந்தச் சுனைத் தீர்த்தத்தைத் தெளித்தால்தான் தட்டு மாற்றுவோம் என்று சம்பந்தி சொல்லி அனுப்பியிருந்தார். அதுவும் பத்தரை மணி ராகு காலத்துக்கு முன்பாக. முன்பு ஒரு பெண் வீட்டார் தாமதமாக வந்தார்கள் என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

அதனால்தான் ஒரு குறையும் வரக்கூடாது என்று காருக்கே நான் பூஜை போட்டேன். முன்பக்கம் முழுவதும் மறைய, கனமான சாமந்தி மாலை.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பெரும்பாலும் இறங்கு வழி. இறங்கு வழியில் கொதிக்கிற காரை நீங்கள் பார்த்ததுண்டா? சூளகிரி தாண்டியதும் நான் பார்த்தேன். புஸ்ஸென்று ஒரே ஆவி!

கோவிந்தன் இறங்கிப் போய்ப் பார்த்தான்.

"மாமா, வண்டி மூச்சு விடற எடத்துலயா மாலை போடுவாங்க? காத்தே உள்ள போவல. ரேடியேட்டர் தண்ணியெல்லாம் கொதிச்சே தீந்துபோச்சு."

"சாமிக்குப் போட்டதுப்பா அது..."

"சாமி மூக்குல போடுவீங்களா?"

மாலையைக் கழற்றினோம். இன்ஜின் ஆறக் காத்திருந்தோம். ராகு காலம் நமக்காகக் காத்திருக்குமா என்ன?

பக்கத்திலேயே ஒரு கிணறு. ராகி வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி வாளியும் கயிறும் கொடுத்தாள். எனக்கு உயிர் வந்தது. கோவிந்தன் வாளியைத் தொடவே இல்லை.

"கார் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கான் தெரியுமா? உப்பில்லாத தண்ணிதான் ஊத்தணுமாம். உப்புத் தண்ணி ஊத்தினா உள்ள சுண்ணாம்பு கட்டிக்கும். வெந்நீர் அண்டாவுல கட்டிக்குமே, அந்த மாதிரி."

"இது உப்பா இல்லையான்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?" என்றேன்.

என் மனைவி காரிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏம்மா, இந்தத் தண்ணியில பருப்பு வேகுதா?"

"எங்கம்மா வேகுது! பொழுதன்னிக்கும் எரிச்சாலும் கல்லாட்டம் கெடக்கும். நாங்க சோத்துக்கு ஏரித் தண்ணிதான் கொண்டாறது."

"ஏரி எங்கம்மா இருக்கு?"

அவள் கை காட்டிய திசையில் தொடுவானம்தான் தெரிந்தது.

"ஒரே ஒரு தரம் ஊத்துப்பா, ஒண்ணும் ஆகாது" என்று கெஞ்சினேன்.

"மாமா, உப்புத் தண்ணி ஊத்தறதா இருந்தா நீங்க நடந்தே போங்க. நான் வண்டியோட இங்கியே நிக்கிறேன்."

மருமகள்களுக்குக் கூட இவ்வளவு பரிந்து பேசுகிறவர்கள் நம் ஊரில் உண்டா?

மனைவி குடத்தைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

"மழைத் தண்ணிதானே?" என்றாள்.

"தீர்த்தம்டி!"

"நாம வாசலுக்கே போய்ச் சேரலேன்னா தீர்த்தத்த யாருக்குத் தெளிப்பீங்க? கோவிந்தா, ஊத்துடா. ஒரு சொம்பு மட்டும் மிச்சம் வை."

அவன் குடத்தைச் சாய்த்தான். நான் கண்ணை மூடி, கை கூப்பி, அபசாரத்தை மன்னிக்கும்படி மனமுருகி வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது குடம் காலி.

"ரேடியேட்டர்ல கழுத்து வரைக்கும் தண்ணி நிக்கணும் மாமா" என்றான் கோவிந்தன். "நீங்களாவது போதும்னு சொல்லியிருக்கலாம்ல?"

ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தி தட்டோடு நின்றார். முதல் கேள்வியே, "தீர்த்தம் எங்கீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. காரைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. காரைப் பார்த்தார். வீட்டுக்குள்ளே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி என் அங்கவஸ்திரத்தின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் வாழ்க்கை ஒரு தகர டப்பாவுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறதே, ஈசுவரா!

"அதுக்குள்ளதான இருக்கு?" என்றார் சம்பந்தி. "தெறங்க."

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஆனால் யார் அதை அவரிடம் சொல்வது? கோவிந்தன் ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாரும் தள்ளி நில்லுங்க!" என்று கத்தியபடி லேசாகத் திருகினான்.

சீறிக்கொண்டு எழும்பியது பாருங்கள்! தேங்காய் மேல், வெற்றிலை மேல், சம்பந்தியின் புது வேட்டி மேல்... ஐயர் தெளித்தால் கூட அப்படி ஒரே சீராக விழாது.

வெற்றிலையில் விழுந்த துளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார் சம்பந்தி. பழுப்புச் சிவப்பாக இருந்தது. முகம் மலர்ந்தது.

"குங்குமப்பூவெல்லாம் கலந்து எடுத்தாந்திருக்கீங்களே!"

துரு என்று சொல்லக் கோவிந்தன் வாயைத் திறந்தான். அதற்குள் என் மனைவி தட்டை மாற்றிவிட்டாள்.