அஜின்கோர்ட்டிலிருந்து தீர்ப்பாயத்துக்கு: போகும்போது வேன், வரும்போது சப்வே

இது ஊர் சுற்றப் போன கதை இல்லை. என் மகள் அபியைப் பள்ளிக்கூடம், மைதான ஓரத்தில் நிற்கும் போர்ட்டபிள் என்னும் தற்காலிகப் பெட்டி அறை வகுப்புக்கு அனுப்பிவிட்டது. அவளுக்கு ஆங்கில உதவி தேவையாம். கனடாவில் பிறந்த பிள்ளை. அவளைத் தமிழில் பேச வைக்கத்தான் நான் படாத பாடு படுகிறேன்! எட்டிப் பார்த்தால், உள்ளே கறுப்புப் பிள்ளைகளும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும்தான். ஒரு வெள்ளைப் பிள்ளை கிடையாது. நிறம் பார்த்துப் பிரிக்கச் சட்டம் விடாது. 'உதவி வகுப்பு' என்று பெயர் வைத்தால் யார் கேட்பது? மூன்று குடும்பங்கள் கேட்டோம். அந்த வகுப்பையே மூடச் சொல்லி மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். பெப்ரவரியில் விசாரணை.

காலை ஏழு மணிக்கு, நாங்கள் குடியிருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து நகர மையத்துக்குச் சிவம் அண்ணையின் வேனில் புறப்பட்டோம். அவருடைய மகனும் அபியின் வகுப்புத்தான். பின் இருக்கையில் மார்சியா, ஜமேக்காக்காரி, மூன்றாவது பிள்ளையின் தாய். 25 கிலோமீற்றர்தான், ஆனால் 401 நெடுஞ்சாலையில் நெரிசல், ஒன்றரை மணித்தியாலம். அங்கே பார்க்கிங் 32 டொலர் என்று சிவம் அண்ணை முதலே பார்த்து வைத்திருந்தார். பகல் கொள்ளை! வழி முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

வழக்கறிஞர் வைக்க எங்களுக்கு வசதியில்லை. தீர்ப்பாய நடைகூடத்தில் பள்ளிக்கூடத் தரப்பு வழக்கறிஞர் என்னையும் சிவம் அண்ணையையும் மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். வழக்கிலிருந்து விலகினால், எங்கள் இரு பிள்ளைகளும் திங்கட்கிழமையே பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள், மற்றப் பிள்ளைகளின் வகுப்புக்குப் போகலாமாம். மார்சியாவின் மகனைப் பற்றிப் பேச்சே இல்லை. பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகவும் இருந்தது.

"தங்கச்சி, சைன் வைப்பம். எங்கட பிள்ளையள் உள்ள போனாப் போதும்."

"அப்ப மார்சியான்ர பொடியன், அண்ணை?"

"அது அவையின்ர பிரச்சினை."

"எல்லாரும் ஒரே பெட்டிக்குள்ளதானே இருக்கினம்? நான் வைக்கமாட்டன்."

"உமக்கு விசர்!"

சிவம் அண்ணை கையெழுத்துப் போட்டுவிட்டு, மார்சியாவின் முகத்தைப் பார்க்காமலே வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே நாங்கள் இருவரும்தான் பேசினோம். என் குரல் நடுங்கியது; மார்சியாவின் குரல் நடுங்கவில்லை. தீர்ப்பு பிறகு வரும் என்றார்கள்.

திரும்பும்போது சப்வே ரயிலில் ஷெப்பர்ட் நிலையம் வரை, அங்கிருந்து ரயில் மாறி டொன் மில்ஸ், பிறகு பஸ். ஆளுக்கு 3.30 டொலர். சிவம் அண்ணைக்குக் கொடுத்ததை உனக்கும் தருகிறோம் என்றார்களா என்று மார்சியா கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். டொன் மில்ஸ் வரை அவள் என் கையை விடவில்லை.

திங்கட்கிழமை சிவம் அண்ணையின் மகன் முன்வாசலால் உள்ளே போனதை அபி பார்த்திருக்கிறாள். "அம்மா, நான் மட்டும் ஏன் இன்னும் வெளியில?" என்று கேட்டாள். குசினிக்குள் போய் அழுதேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இப்படி ஒரு பயணம் உங்களுக்கும் வாய்த்தால், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பக்கம் எல்லாம் விலை. தனித்தனியாகக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று வேனுக்குள்ளேயே பேசி முடிவெடுங்கள். நாங்கள் பார்க்கிங்கைப் பற்றிப் பேசினோம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தட்டுகிற பிரெஸ்டோ கார்ட்டில் காசும் இருக்கட்டும். போன வாகனத்திலேயே திரும்பி வருவோம் என்று நம்ப முடியாது.