பெயர் எழுதாத கல்

நம் ஊர்ப் பொதுக்கிணற்றுத் தொட்டியை ஒட்டி ஒரு கருங்கல் பலகை நிற்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். முகப்பை நன்றாக இழைத்து, சுற்றிலும் கொடிவேலை செய்து, நடுவில் எழுத்துக்கென்று இடம் விட்டிருக்கிறார் கல்தச்சர். அந்த இடத்தில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. வெளியூர்க்காரர்கள் தண்ணீர் குடித்துவிட்டு அதைப் பார்த்து, "என்னங்க, வேலை பாதியில நின்னுபோச்சா?" என்று கேட்பார்கள். வேலை முடிந்துதான் இருக்கிறது. முடிந்த நிலையே அதுதான்.

போன வாரம் பெரியவள் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அணிசேராக் கொள்கைன்னா என்னப்பா?" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புத்தகத்தில் இருந்ததை இரண்டு முறை படித்தும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தச் சங்கதி என்னவென்று எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளையும் அவள் தம்பியையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இந்தக் கல்லைக் காட்டினேன். "இதுல ஒண்ணுமே இல்லையேப்பா" என்றாள். அதுதான் பதில் என்று எழுதினால் வாத்தியார் மார்க் போடமாட்டார். அதனால்தான், பிள்ளைகளே, உங்கள் இருவருக்காகவும் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போது நான் நம் ஊர்ப் பஞ்சாயத்தில் கிளார்க். பிரசிடெண்டாக இருந்தவர் ஒரு கத்தரிக்காய் விவசாயி. ஒல்லியான உடம்பு, பெரிய காது, தோளில் எப்போதும் ஈரம் காயாத துண்டு. அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. யார் எதைக் கொடுத்தாலும், வாங்கின கையோடு அவர்களுக்கு ஏதாவது கொடுத்துவிடுவார். டீக்கடையில் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தால் மடியிலிருந்து இரண்டு கத்தரிக்காயை எடுத்து அவர் கையில் வைப்பார். தாசில்தார் ஒருமுறை நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதற்கும் கத்தரிக்காய் கொடுத்தார். ஊரில் கேலி செய்வார்கள். "பிரசிடெண்டய்யாவுக்கு வணக்கம் போடாதீகப்பா, கத்தரிக்காய் வந்துரும்" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பழக்கத்தை மட்டும் விடவில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் சர்க்கார் கொடுத்த ரேடியோ ஒன்று இருந்தது. சாயங்காலச் செய்திக்கு அவர் தோட்டத்திலிருந்து நேரே வந்துவிடுவார். அந்தக் காலத்தில் உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் அமெரிக்கா, இன்னொரு பக்கம் ரஷ்யா. இருவர் கையிலும் உலகத்தையே கொளுத்தக்கூடிய குண்டுகள். மற்ற நாடுகள் பயத்தில் ஏதாவது ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. நம் நாடு அப்போதுதான் வெள்ளைக்காரனிடமிருந்து விடுபட்டு, அரிசிக்கும் இரும்புக்கும் ஆளாய்ப் பறந்துகொண்டிருந்த நாடு. அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தது, ரஷ்யாவிடமிருந்து இரும்பு ஆலை வந்தது. ஆனால் உன் பட்டாளத்தோடு என் பட்டாளத்தைச் சேர்க்கமாட்டேன், நீ சண்டைக்குப் போனால் நான் பின்னால் வரமாட்டேன் என்று இருவரிடமும் சொல்லிவிட்டது. இது நடக்கிற காரியமா என்று படித்தவர்களே சந்தேகப்பட்டார்கள். பிரசிடெண்டுக்கு மட்டும் அதில் சந்தேகமே வந்ததில்லை.

"அடுப்பு மூட்டப் பக்கத்து வீட்டுல நெருப்பு வாங்குறோம்ல? அது மாதிரிதான் அப்பு. யாரு வீட்டு நெருப்பா இருந்தாலும் உலை கொதிக்கும். நெருப்புக் கொடுத்தேன், இனிமே உன் வீட்டுல என்ன கொழம்புன்னு நான்தான் சொல்லுவேன்னு வந்தாத்தான் வம்பு" என்பார்.

அவர் அப்படிப் பேசினதை அவரே செய்து காட்டவேண்டிய கோடை ஒன்று வந்தது. சீனப் போருக்கு முந்தின காலம். கிணறு வற்றிப்போய் அடியில் பாறை தெரிந்தது. பெண்கள் விடியுமுன்னே குடத்தோடு வயல்காட்டுக் கிணறுகளுக்கு நடந்தார்கள். ஊரே முறை வைத்து இறங்கிக் கடப்பாரையால் கொத்தியது. பாறை அசையவில்லை. அப்போது பக்கத்துப் பகுதியில் கிணறு தோண்டிக்கொண்டிருந்த ஓர் இளவயது அமெரிக்க இன்ஜினியரிடம், திண்டுக்கல் காண்ட்ராக்டர் ஒருவர் நம் ஊரைப் பற்றிச் சொல்லிக் கூட்டிவந்தார். பாறை துளைக்கும் மிஷின் வந்தது. சத்தத்தில் கோழிகள் எல்லாம் கூரையேறின. பாறை உடைந்து ஊற்று கண் திறந்தது. அந்த இன்ஜினியருக்குப் பிரசிடெண்ட் ஒரு கூடை கத்தரிக்காய் கொடுத்தார். அந்தப் பிள்ளை அதில் ஒன்றை எடுத்துப் பச்சையாகவே கடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று தலையாட்டினான்.

ஊற்று கிடைத்ததே ஒழிய, கிணறு பாதாளம் மாதிரி ஆழமாகிவிட்டது. கயிற்றில் இழுத்தால் ஒரு குடம் மேலே வருவதற்குள் தோள் கழன்றுவிடும். திண்டுக்கல்லில் ரஷ்ய நட்புறவுக் குழு ஒன்று இருந்தது. அதன் செயலாளர் சைக்கிள் கடை வைத்திருந்தார். பிரசிடெண்ட் அவரிடம் போய்ப் பேசினார். தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் ஒன்றை அந்தக் குழு தர ஒப்புக்கொண்டது. திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கியது எஞ்சின்.

பிறகுதான் தொந்தரவு. திறப்பு விழாக் கல்லில் என்ன எழுதுவது? காண்ட்ராக்டர் வந்து, "அமெரிக்கா தோண்டின கிணறு, அமெரிக்கா பேருதான் இருக்கணும். அந்த எஞ்சினை ஓரமா எங்கயாச்சும் வச்சுக்குங்க" என்றார். சைக்கிள் கடைக்காரர் வந்து, "தண்ணி மேல வாரது எதனால? எஞ்சினால. சோவியத் நட்புன்னு எழுதாம எப்படிங்க?" என்றார். அந்த அமெரிக்க இன்ஜினியரும் கேட்கவில்லை, ரஷ்யாவிலிருந்தும் எவரும் கேட்கவில்லை. அவர்களைவிட நம் ஆட்களுக்குத்தான் ரோஷம் அதிகமாக இருந்தது. இரண்டு பேருக்கும் பிரசிடெண்ட் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஊரு இன்னும் முடிவு பண்ணலையே அய்யா." அவரவர் தங்கள் பக்கம்தான் முடிவாகும் என்று நம்பிக்கொண்டு போனார்கள்.

எனக்குப் பயமாகிவிட்டது. "ரெண்டு பேரையும் எழுதிட்டா என்னங்கய்யா?" என்றேன்.

"எந்தப் பேரு மேல, எந்தப் பேரு கீழ?" என்றார். "நாளைக்கு அவுக ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா, எம்பேரு இருக்கிற கெணத்துல அவன் பேரு எதுக்குன்னு இங்கதான் வந்து நிப்பாக. நம்ம பொம்பளைக குடத்தை வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கணும். வேணாம்லே."

விழா நாளில் இரு தரப்பும் வந்தன. அமெரிக்க இன்ஜினியர் காண்ட்ராக்டரோடு வந்தான். சைக்கிள் கடைக்காரர், சென்னைக்கு வந்திருந்த ஒரு ரஷ்யரை மொழிபெயர்ப்பாளரோடு அழைத்து வந்தார். எஞ்சினை ஓட்டினோம். தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் முதல் செம்பை யார் குடிப்பது என்று இவர்களுக்குள் முணுமுணுப்பு. நம் பக்கம் புதுத்தண்ணீரை முதலில் மனிதர் வாயில் வைப்பதில்லை, மாட்டுக்குத்தான் காட்டுவோம். பிரசிடெண்ட் தன் உழவுமாட்டை ஓட்டிவந்து தொட்டியில் நிறுத்தினார். மாடு நிதானமாகக் குடித்தது. ரஷ்யரும் அமெரிக்கரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் பிரசிடெண்ட் கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார். கல் வெறுமையாக இருந்தது.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "கெணத்தை ஆழமாக்க அமெரிக்கா உதவிச்சு, தண்ணியைத் தூக்க ரஷ்யா உதவிச்சு. ரெண்டு பேரையும் இந்த ஊரு மறக்காது. ஆனா முதல் முழம் தோண்டுனது இந்த ஊரு. கெணறு இந்த ஊரோடது. ஊரு பேரு ஊருக்குத் தெரியும், எழுத வேண்டியதில்லை."

காண்ட்ராக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சைக்கிள் கடைக்காரருக்குத்தான் தாங்க முடியவில்லை. விருந்தாளி முன்னால் தலைகுனிவு என்று நினைத்துவிட்டார். மறுநாளே வண்டியோடு வந்து, "நன்றி இல்லாத ஊருக்கு எஞ்சின் எதுக்கு? ஏத்துங்கப்பா" என்றார். கல்லில் பேரை எழுதினால் எஞ்சின் இருக்கும் என்றும் ஒரு வார்த்தை சொன்னார். பிரசிடெண்ட் தடுக்கவில்லை. எஞ்சினைத் தூக்கி வைக்க அவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். போகும்போது வண்டிக்காரர் கையில் கத்தரிக்காயும் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் பெண்கள் அவரைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் வீட்டு அம்மா கயிற்றை அவர் காலடியில் போட்டார். "உங்க ரேடியோக் கொள்கைய நீங்களே இறைங்க. எங்களுக்குக் கை வலிக்குது" என்றார்.

அவர் கயிற்றை எடுத்துக்கொண்டார். மறுநாள் விடியலில் போய்ப் பார்க்கிறேன், பிரசிடெண்ட் பெண்களோடு பெண்ணாக நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார். வரிசையில் நின்ற எல்லார் குடத்தையும் நிரப்பினார். ஆண்பிள்ளை பெண்கள் கிணற்றில் இறைப்பதா என்று சிரித்தார்கள். "ஏலே, சிரிக்கிற நேரத்துக்கு ஒரு கை பிடி" என்றார். செத்த நேரம் கழித்து நானும் பிடித்தேன். என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவருக்குக் காய்ப்பே ஏறிவிட்டது. அதற்கப்புறம் ஒருநாள் விடாமல் அவர் வந்தார். கொள்கை என்று ஒன்றை வைத்துக்கொண்டால் அதன் பாரத்தை வைத்தவன்தான் முதலில் சுமக்கவேண்டும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இதற்கிடையே காண்ட்ராக்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பாத்தீகளா, அவுக லட்சணத்தை? கவலைய விடுங்க. அமெரிக்க எஞ்சினே கொண்டாந்து மாட்டிடறேன். இதைவிடப் பெருசு. கல்லுல ஒரே ஒரு வரி, அம்புட்டுத்தான்" என்றார். ஆபீசில் நான் இருந்தேன். எனக்கு மனம் துள்ளியது. சரி என்று சொல்லமாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஏறியிருந்த காய்ப்பை மெல்லக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "அவுக கேட்டதை அவுகளுக்குச் செய்யாம, அதையே உங்களுக்குச் செஞ்சா, நாளைக்கு அவுக மூஞ்சியில எப்படி முழிப்பேன்? நீங்கதான் என்னைய எப்படி நம்புவீக? எஞ்சின் சும்மா வந்தா வரட்டும். வரியோட வந்தா வேணாம்யா."

காண்ட்ராக்டர் போய்விட்டார். ஆனால் அந்தப் பேச்சு திண்டுக்கல் வரைக்கும் போனது. சில நாள் கழித்து ஆபீஸ் வாசலில் வண்டிச் சத்தம். அதே எஞ்சின். முன்னால் சைக்கிளில் நட்புறவுக் குழுச் செயலாளர். பிரசிடெண்டைப் பார்த்ததும் இறங்கி, "அய்யா, நீங்க அந்தப் பக்கம் சாஞ்சுட்டீகன்னு நெனச்சுட்டேன்" என்றார். எஞ்சினை இறக்கி மாட்டினார்கள். கல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. செயலாளர் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்து, "சரி, கத்தரிக்காய் எங்கே?" என்றார். அன்றைக்கு நம் கிணற்றடி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பிற்பாடு கிணற்றைத் தூர் வாரும்போது காண்ட்ராக்டரும் வரி எதுவும் கேட்காமல் ஆள் அனுப்பினார்.

பிரசிடெண்ட் எதிலும் தவறவில்லை என்று சொன்னால் அது பொய். சீனாவைச் சகோதரன் என்று நம்பிப் பேசினவர் அவர். சீனா எல்லை தாண்டிப் படையோடு வந்தபோது, ரேடியோ முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு அம்மா போர் நிதிக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அந்த வாரம் டீக்கடையில் காண்ட்ராக்டர், "நடுவுல நின்னவன் மேலயே அடி விழுந்துருச்சு பாத்தீகளா?" என்றார். பிரசிடெண்ட் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆளைத் தப்பா எடைபோட்டுட்டோம். நம்ம கதவுக்குத் தாழ்ப்பாள் பத்தாதுன்னும் தெரிஞ்சுபோச்சு. அதைச் சரி பண்ணணும். அதுக்காக இன்னொருத்தன் வீட்டுக்குக் குடிபோக முடியுமா?" என்றார். அந்தச் சண்டைக்கு நம் நாடு உதவி கேட்டது, அமெரிக்காவிலிருந்து ஆயுதம் வந்தது. கூட்டணிக் கையெழுத்து மட்டும் போடவில்லை. அதை ரேடியோவில் கேட்ட அன்றுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று அந்த அம்மா பிறகு சொன்னார்.

அவர் காலமான பிறகு, அந்தக் கல்லில் அவர் பெயரையே வெட்டிவிடலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. நானும் ஆசைப்பட்டேன். அந்த அம்மாவிடம் கேட்கப் போனோம். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "அவருக்காகப் போயி அதைக் கெடுக்காதீக" என்றார். அத்தோடு விட்டோம்.

இப்போது கிணற்றில் மின்சார மோட்டார் ஓடுகிறது. பஸ் நிற்கும் இடத்தில் புதிதாகக் கட்டின தண்ணீர்த்தொட்டியில், திறந்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று தொட்டி கொள்ளாத அளவுக்குப் பெயர்கள். பழைய கல்லை பிள்ளைகள் நீங்களெல்லாம் சிலேட்டாக வைத்திருக்கிறீர்கள். நேற்றுப் பெரியவள் தன் பாடத்தை அதில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். 'அணிசேராமை என்பது' என்று பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தாள். அதற்குள் பொழுது சாய்ந்து, குடங்கள் வந்துவிட்டன. தொட்டியிலிருந்து தெறித்த தண்ணீர் ஒவ்வோர் எழுத்தாகக் கரைத்துக்கொண்டு போனது. "அப்பா, அழிஞ்சுபோச்சுப்பா" என்றாள். இருக்கட்டும் என்றேன். இரண்டு பேரும் குனிந்து, அந்தத் தண்ணீரையே கையில் ஏந்திக் குடித்தோம்.