கொலு லோக்கலுக்கு இரண்டாவது மோட்டார்

புது பொம்மை மோட்டாரைக் காதருகே வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? மெல்லிசாக ஒரு ரீங்காரம்... கூடவே அட்டைப்பெட்டி வாசனையும் லேசான எண்ணெய் வாசனையும். பாம்பே மாட்டுங்காவில் என் முதல் வேலை முழுக்க அந்தச் சத்தம்தான்.

கடை அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் வீடு. பாத்திரம், பக்கெட், பொம்மை எல்லாம் விற்போம். பிளாக்ஸ் அடுக்கிச் செய்கிற வண்டிகளுக்கு மோட்டாரும் ரிமோட்டும் விற்கத் தனி கவுண்டர் வேண்டும் என்று நச்சரித்து வாங்கியவள் நான்.

"நவராத்திரி வரைக்கும் பாக்கேன் செல்வி. அதுக்குள்ள ஒண்ணும் நடக்கலன்னா இந்த இடத்துல பக்கெட்ட அடுக்கிருவேன், பாத்துக்க."

பக்கெட் பக்கம் போக எனக்குச் சுத்தமாக இஷ்டமில்லை. அந்தக் கவுண்டர் என்னுடையது!

விஷயம் இதுதான். பிளாக்ஸ் ஒன்றோடு ஒன்று பொருந்திவிடும், மோட்டார் அப்படியில்லை. பழைய வகைக்கு ஒரு பிளக், புது வகைக்கு வேறு பிளக். மோட்டார், பேட்டரிப் பெட்டி, ரிமோட், ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவர், எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தால்தான் வண்டி நகரும். படத்தைப் பார்த்து வாங்கிப் போகிறவர்கள் மறுநாள் சண்டைக்கு வருவார்கள். "என்ன செய்யப் போறீங்க, எவ்வளவு வெயிட், எங்க ஓடணும்?" என்று கேட்காமல் நான் மோட்டாரை எடுத்துக்கூடக் காட்ட மாட்டேன். கொஞ்சம் திமிர்தான்... இருக்கட்டும்.

விசாலம் மாமி செம்பூரிலிருந்து வந்தார். பாலக்காட்டுக் குடும்பம். கொலுப்படிக்குக் கீழே பார்க் வைப்பார்கள் இல்லையா, அதைச் சுற்றி மூன்று பெட்டி பாம்பே லோக்கல் ரயில் ஒன்று ஓட வேண்டும். ரயில் மோட்டார், ரிசீவர், ரிமோட் எல்லாம் பார்த்து எடுத்து, கடையிலேயே ஓட்டிக் காட்டி அனுப்பினேன்.

கொலு ஆரம்பித்த சாயங்காலம் போன்.

"செல்வி, வண்டி நகரவே மாட்டேங்கறது கேட்டியா! எல்லாரும் வந்தாச்சு."

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நட, நானும் வாரேன்." கையில் கிடைத்த மோட்டார், வயர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் சிரிப்புதான் வந்தது. பெட்டிக்குள் நிற்க இடமில்லாமல் மனித பொம்மைகள்! வாசலில் தொங்குகிறவர்கள், ஜன்னலில் பிதுங்குகிறவர்கள், லேடீஸ் பெட்டியில் தனிக் கூட்டம். மோட்டார் 'உம்'மென்று முக்கிவிட்டு நின்றுவிட்டது. வெயிட் எவ்வளவு என்று கேட்ட நான், இந்தக் கூட்டத்தை எங்கே கண்டேன்?

"கொஞ்சம் பேரை இறக்கிடலாமா மாமி?"

"காலி வண்டி ஓடினா அது பாம்பே லோக்கலா? ஒருத்தரையும் எறக்கப்படாது!"

சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் மொத்தமும் மாமி கட்சி.

அண்ணாச்சி பையிலிருந்து ஒரு பெரிய மோட்டாரை எடுத்தார். "ஏளா, இது பெருசுல்லா? இதப் போடு. பிளக் சேரலன்னா வயர அறுத்து முறுக்கிருவோம்."

அது வேறு குடும்பத்து மோட்டார். அறுத்து முறுக்கினால் ரிசீவரே போய்விடலாம். மாமியின் கொலு அவ்வளவுதான், என் கவுண்டரும் அவ்வளவுதான்.

"அறுக்கக்கூடாது அண்ணாச்சி. நான் விடமாட்டேன்."

முதலாளியை ஊரார் முன்னால் மறுத்துப் பேசிவிட்டேன்.

முதல் பெட்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் ஏற்கெனவே இருந்த அதே வகை மோட்டார் இன்னொன்றை அங்கே மாட்டினேன். இரண்டையும் ஒரே ரிசீவரில் செருகினேன். மாமி ரிமோட்டின் குமிழைத் திருப்பினார். வண்டி நடுங்கியதே தவிர நகரவில்லை.

"முடிஞ்சுது போ" என்றார் அண்ணாச்சி.

முடியவில்லை. இரண்டு மோட்டாரும் எதிரும் புதிருமாக இருந்ததால் ஒன்று முன்னே இழுத்தது, மற்றது பின்னே இழுத்தது. கரண்டைத் திருப்பிவிடும் சின்ன ஸ்விட்ச் ஒன்றை இரண்டாவது மோட்டாருக்கு மட்டும் நடுவில் கோத்தேன்.

"இப்ப திருப்புங்க மாமி."

லோக்கல் கிளம்பியது... அத்தனை கூட்டத்தோடும், ஒருத்தரும் கீழே விழாமல்!

"ஓடறதுடீ!" என்று மாமி என்னைக் கட்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் அண்ணாச்சி பையிலிருந்த மோட்டார்களை ஒவ்வொன்றாக எடுத்து பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு உயிரே இல்லை. மறுநாள் காலையில் கடை திறந்ததும், "பக்கத்து ஷெல்ஃபையும் நீயே எடுத்துக்க. பக்கெட்ட மாடில போட்டுக்கிடுதேன்" என்றார். பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அதில் என்ன வெட்கம்?

இப்போது நெருளில் சொந்தக் கடை. எல்லாம் போனில் ஓடும் ஆப் ஆகிவிட்டது. மோட்டாரைச் செருகினால் போதும், அது எந்த வகை என்று போனே சொல்லிவிடுகிறது. வருகிறவர்களும் வீடியோ பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. யாருக்கும் தப்பு நடப்பதில்லை, நல்லதுதான், குறை சொல்லவில்லை.

ஆனால் பாருங்கள்... போன் சொல்வதை யாரும் சந்தேகப்படுவதில்லை. என்னைச் சந்தேகப்பட்டார்கள். அதனால்தான் அந்த வண்டி ஓடியபோது அவ்வளவு இனித்தது.