புயலியை வைத்துக்கொள்வார்களா?

வீக்கம் முதலில் தெரிந்தது காலில்தான். செருப்பைக் கழற்றிய பிறகும் வாரின் தடம் மாலைவரை பள்ளமாகவே இருந்தது. முக்கூடல் டாக்டர் பார்த்துவிட்டு நேராகப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றால் யார்தான் நம்புவார்கள்? நான் டாக்டரிடம் சண்டையே போட்டேன்.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்புவது). நான்கு மணி நேரம் ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது. எனக்கு இடது கை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஏரல் பலசரக்குக்கடை அண்ணாச்சிக்கு வலது கை.

நான் கொண்டுபோன காமிக்ஸை ஒற்றைக் கையால் பிடித்தால் பக்கம் புரட்ட முடியவில்லை. வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் இடது கை நீண்டு வந்து புரட்டியது. அன்றிலிருந்து பிடிப்பது நான், புரட்டுவது அவர். எதிர்க்கட்டிலில் புன்னக்காயல் ரெஜினா அக்கா. "ஏளா, எனக்கும் கேக்கட்டும், சத்தமா வாசி" என்பார்.

கதையில் வீடு வாசல் இல்லாத நான்கு இளசுகள். ஆளுக்கொரு சக்தி. பழைய கலங்கரை விளக்கத்தில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு, ஊரைக் காப்பாற்றுவார்கள். கடைசி இதழுக்கு முந்தையதில், காற்றாய் ஓடும் புயலி சக்தியை இழந்துவிட்டாள்.

"இனி அவளைக் கூட வச்சுக்கிடுவாங்களா அண்ணாச்சி?"

"பொறு. அடுத்தது வரட்டும். மூணு பேரும் சேந்துதான் வாசிக்கணும், பாத்துக்கோ."

அது வருவதற்குள், அம்மாவின் சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் புயலியின் கவலை என் கவலையாகிப்போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உங்களுக்கும் இது தோன்றலாம்: குணமாகிவிட்டால் நான் இவர்களுக்கு யார்?

அறுவை முடிந்து கண் விழித்ததும் டாக்டர் பையைக் காட்டினார். "சிறுநீர் வருதும்மா. நல்லா வருது." ஒன்றரை வருஷமாக ஒரு சொட்டும் வராத உடம்பு! பக்கத்து அறையில் கிடந்த அம்மாவிடம் உடனே போய்ச் சொல்லும்படி நர்ஸை விரட்டினேன்.

நான்கு மாதம் கழித்து டாக்டர் அனுமதித்ததும், முகக்கவசத்தோடு டயாலிசிஸ் அறைக்குப் போனேன். என் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

"ஏளா, அந்த ஸ்டூலை இங்கன இழுத்துப் போடு" என்றார் அண்ணாச்சி. தலையணைக்கு அடியிலிருந்து கடைசி இதழை எடுத்தார். உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு வாராரு. தொடக்கூட விட மாட்டேங்காரு" என்றார் ரெஜினா அக்கா. "இப்பமாவது வாசி."

புயலிக்குச் சக்தி திரும்பவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நான்கு தட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். ரெஜினா அக்கா மூக்கை உறிஞ்சினார்.

இப்போது என் வாரத்தில் ஏழு நாளும் எனக்கே. அதை என்ன செய்வதென்று இன்னும் பழகவில்லை. அன்று வாசித்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஏற இடது கையால் கம்பியைப் பிடித்தபோதுதான் கவனித்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் அண்ணாச்சிதான் புரட்டியிருந்தார். என் இடது கையை அவ்வளவு நேரமும் நான் அசைக்கவே இல்லை.